மெல்லக் கேட்பதற்கு ஒரு சப்ஊஃபர்

(சாந்தோமில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



படுக்கையறையில் பாட்டுக் கேட்கிறவர்களுக்காகப் பேச வந்திருக்கிறேன். மேசை மேல் நாலு அங்குல ஸ்பீக்கர் இரண்டு, உள்ளங்கை அகலத்தில் ஒரு ஆம்ப்ளிஃபையர், பாட்டுக்குக் கைபேசி. இவ்வளவுதான் அவர்களுடைய சாமான். சாந்தோமிலும் மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் பத்துக்குப் பன்னிரண்டு அறையில், இரவுச் சாப்பாடு முடிந்து கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் கேட்பவர்கள் எத்தனையோ பேர். அவர்களிடம் நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: அடுத்து கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால், தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள ஒரு சின்ன சப்ஊஃபர் வாங்குங்கள். வாங்கிய பிறகு, இப்போது வைப்பதைவிடச் சத்தத்தைக் குறைத்து வையுங்கள்.

ஊஃபர் என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது, சிக்னலில் நிற்கும் காரிலிருந்து வந்து நம் நெஞ்சில் இடிக்கும் அந்த ஓசை. அதனால் குறைந்த சத்தத்துக்கும் ஊஃபருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பது நியாயம். சம்பந்தம் நம் காதில் இருக்கிறது. 1933இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் மனிதக் காது எந்த சுருதியை எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்று அளந்து வெளியிட்டார்கள். அதன்பின் அந்த அளவுகள் பலமுறை திருத்தப்பட்டு இன்று உலகத் தரமாகவே இருக்கின்றன. அவை சொல்வது இது. ஆயிரம் ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று 40 டெசிபலில், அதாவது அமைதியான அறையில் மெல்லிய பேச்சுப் போல, கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே அளவு உரக்க 40 ஹெர்ட்ஸ் ஒலி கேட்க வேண்டுமானால் அது 80 டெசிபலைத் தாண்டியாக வேண்டும். சத்தத்தைக் குறைக்கக் குறைக்க காது முதலில் கைவிடுவது தாழ்ந்த ஒலியான பேஸைத்தான். பகலில் உரக்க வைத்தபோது நன்றாக இருந்த பாட்டு, இரவில் வால்யூமைக் குறைத்ததும் சப்பென்று ஆகிவிடுவது இதனால்தான். குறை ஸ்பீக்கரில் பாதி, காதில் பாதி. மெல்லக் கேட்பவருக்குத்தான் பேஸ் அதிகம் தேவைப்படுகிறது.

காணாமல் போகிறதே, அது என்ன என்று பார்ப்போம். நம் ஊரில் இதற்கு மிருதங்கத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. வலந்தலை பேசும், இடந்தலை தாங்கும். தொப்பி என்று சொல்கிறோமே அந்த இடப்பக்கத்தில், கச்சேரி தொடங்குமுன் வித்வான் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து நடுவில் அப்புகிறார். தோலுக்குக் கனம் கூடுகிறது, சுருதி இறங்குகிறது. போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் அப்புவார், அதிகமானால் விரல் நுனியால் கிள்ளி எடுப்பார். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அரை உள்ளங்கை ரவையில் அவர் தேடுவது, நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கும் அந்த அடிநாதத்தை. மணிக்கட்டால் தோலை அழுத்தி இழுக்கும்போது சுருதி வழுக்கிக்கொண்டு மேலேறும் கும்கியும் அங்கிருந்தே கிளம்புகிறது. உங்கள் நாலு அங்குல ஸ்பீக்கரில் வலந்தலையில் விழும் 'நாம்', 'சாப்பு' என்ற அடிகள் பளிச்சென்று கேட்கும். தொப்பியோ அட்டைப் பெட்டியைத் தட்டியதுபோல "டப்" என்று நின்றுவிடும். தட்டியது கேட்கிறது, அதற்குப் பின் வர வேண்டிய நாதம் வருவதில்லை.

இங்கிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மாநிலக் கல்லூரி வருகிறது. அங்கே 1904இல் பி.ஏ.வும் 1907இல் எம்.ஏ.வும் முடித்த சி.வி. ராமன் பிற்பாடு ஒளியை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்றார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பே அவர் ஒலியில் ஆழ்ந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் மிருதங்கம், தபலா பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1934இல் இன்னும் விரிவாக எழுதினார். சாதாரணத் தோல் கருவிகளின் மேல்ஸ்வரங்கள் ஒன்றோடொன்று சேராமல் இரைச்சலாக ஒலிக்கும். நம் வலந்தலையிலோ நடுவில் இருக்கும் கரணையின் கனத்தால் அவை ஒன்று, இரண்டு, மூன்று என்ற மடங்கில் தந்திவாத்தியத்தில் போல அமைகின்றன என்று நிறுவினார். தோல் மேல் மெல்லிய மணலைத் தூவி, அது எந்தக் கோலத்தில் ஒதுங்குகிறது என்று பார்த்து அந்த அதிர்வுகளைப் பிரித்தார். ஒரு வாத்தியத்தைச் செய்த கைகள் நூற்றாண்டுகளாகச் சேர்த்து வைத்த அறிவுக்கு ராமன் கணக்குச் சொன்னார். அந்த அறிவில் பாதியை நம் ஸ்பீக்கர் வெளியே விடாமல் வைத்திருக்கிறது என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் ஒரு கட்டத்தில் மைக் வைத்த மேடைகளில் வாசிக்க மாட்டேன் என்று மறுத்தார். பிடிவாதம் என்று அன்று சிலர் நினைத்திருக்கலாம். அந்தக் காலத்து மைக்கும் கூம்பு ஸ்பீக்கரும் தொப்பியின் நாதத்தை என்ன பாடுபடுத்தியிருக்கும் என்று யோசித்தால், அவர் மறுத்தது எனக்குப் புரிகிறது. இசைத்தட்டிலும் கதை இதுதான். 1925 வாக்கில் மின்சாரப் பதிவு வருவதற்கு முன், புனல் முன்னால் பாடிப் பதிந்த தட்டுகளில் அடிநாதம் பதியவே வழியில்லை. ஆக, பேஸைத் தொலைப்பது நம் கைபேசிக் காலத்தில் தொடங்கியதல்ல.

சினிமாப் பாட்டுக்கு வருவோம். பேஸ் கிடாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. இளையராஜாவின் பாடல்களில் அந்தத் தந்திகள் தாளத்துக்குத் துணை போவதோடு நிற்பதில்லை. பாடகர் ஒரு வழியில் போக, பேஸ் கிடார் தனக்கென்று ஒரு மெட்டைப் போட்டுக்கொண்டு எதிர்வழியில் நடந்து, பல்லவி முடிகிற இடத்தில் வந்து சேரும். 1992இல் ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த 'ரோஜா' வந்தபின் கேசட் கடையில் நின்று "பேஸ் எப்படி?" என்று கேட்டு வாங்கும் வழக்கமே வந்தது என்று நினைக்கிறேன். ரஹ்மான் பாடல்களில் சென்னைக்காரரான கீத் பீட்டர்ஸ் வாசித்த பேஸ் கிடாரைத் தனியாகப் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கள், பாட்டுக்குள் இன்னொரு பாட்டு கிடைக்கும்.

"எங்கள் ஸ்பீக்கரிலேயே பேஸ் கிடார் கேட்கிறதே?" என்று சொல்வீர்கள். கேட்கிறதுதான். 41 ஹெர்ட்ஸ் வராவிட்டாலும் அதன் மடங்குகளான 82, 123, 164 ஆகியவை வருவதால், மூளை அவற்றை வைத்து அடியில் இருக்க வேண்டிய ஸ்வரத்தைத் தானே ஊகித்துக்கொள்கிறது. கைபேசியில்கூட மெட்டு புரிவது இந்த ஊகத்தால்தான். ஸ்வரம் இன்னது என்று தெரிந்துவிடும், அதன் உடம்பு மட்டும் வராது.

சின்ன ஸ்பீக்கரைத் திட்டிப் பயனில்லை. தாழ்ந்த ஒலிக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். சுருதி ஒரு ஸ்தாயி இறங்கினால், அதே உரப்புக்குக் கோன் நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். 80 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் போதுமென்றால் 40இல் நாலு மில்லிமீட்டர், 20இல் பதினாறு. நாலு அங்குலக் கோனால் அது முடியாது. எட்டு அங்குலக் கோனுக்குப் பரப்பு நாலு மடங்கு, அதனால் அந்த வேலை அதற்கு எளிது. சப்ஊஃபரை அறையில் வைத்ததும் கிடைக்கும் இரண்டாவது நன்மையும் இதில்தான் இருக்கிறது. உங்கள் ஆம்ப்ளிஃபையரில் தாழ்ந்த ஒலியை வடிகட்டிச் சின்ன ஸ்பீக்கருக்குப் போகாமல் தடுக்கும் வசதி இருந்தால், அந்தச் சுமை இறங்கியதும் குரலும் வயலினும் தெளிந்துவிடும். பேஸுக்காக வாங்கிய பெட்டியால் குரல் நன்றாவதைப் பார்த்து எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோருமே வியந்திருக்கிறார்கள்.

என்ன வாங்குவது? உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் வைத்த எட்டு அல்லது பத்து அங்குல சப்ஊஃபர் போதும். பின்பக்கம் மூன்று வசதிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: சத்தம் கூட்டிக் குறைக்கும் திருகு, எந்தச் சுருதிக்குக் கீழே சப்ஊஃபர் ஒலிக்க வேண்டும் என்று வைக்கும் கிராஸ்ஓவர் திருகு, கோனின் போக்கை முன்பின்னாக மாற்றும் ஃபேஸ் ஸ்விட்ச். பெயர்பெற்ற கம்பெனிகளின் சிறிய மாடல்கள் பத்தாயிரத்துக்கு மேல் இருபதாயிரத்துக்குள் கிடைக்கும். அதற்கும் குறைவாக வேண்டுமென்றால் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் ஊஃபர், ஆம்ப்ளிஃபையர் போர்டு, கிராஸ்ஓவர் போர்டு எல்லாம் தனித்தனியாக வாங்கி, தச்சரிடம் பெட்டி அடித்துக்கொள்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நல்ல வழிதான், ஆனால் பெட்டியின் கொள்ளளவை ஊஃபரின் கணக்குக்குப் பொருத்த வேண்டும். அந்தக் கணக்கை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் தொடங்கி வைத்தார், ரிச்சர்ட் ஸ்மால் 1970களில் விரிவாக்கினார்; இன்று இலவசக் கணக்குப் பொறிகளே இருக்கின்றன. கணக்கில்லாமல் அடித்த பெட்டி, எந்தப் பாட்டு வந்தாலும் ஒரே சுதியில் "பூம் பூம்" என்றுதான் சொல்லும். பேஸ் கிடார் ஏழு ஸ்வரம் போனாலும் உங்களுக்கு ஒன்றுதான் கேட்கும். ஊஃபருக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது இந்த ஒற்றைச் சுதிதான்.

சின்ன அறைக்கு, காற்றோட்டக் குழாய் இல்லாத, முழுக்க மூடிய பெட்டியை நான் பரிந்துரைப்பேன். மூடிய பெட்டியில் அடிநாதம் மெதுவாகக் குறைகிறது. மூடிய சிறு அறையோ மிகத் தாழ்ந்த ஒலியைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கிறது. ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது.

அறை என்றதும் இந்தப் பேச்சின் முக்கியமான பகுதிக்கு வந்துவிட்டேன். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் போகிறது. 40 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் எட்டே முக்கால் மீட்டர், அதாவது உங்கள் அறையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அலை சுவருக்குச் சுவர் மோதித் தன் மேலேயே விழுகிறது. பன்னிரண்டு அடி நீளத்துக்கு 48 ஹெர்ட்ஸ் பக்கத்திலும் பத்தடி அகலத்துக்கு 57 பக்கத்திலும் அறை தானாக முழங்கும். கூரையும் பத்தடி என்றால் அந்த 57இன் முழக்கம் இன்னும் வலுக்கும். 1896இல் கட்டி முடித்த நம் சாந்தோம் பசிலிக்காவைப்போல நெடிய கூடங்களில் இந்த முழக்கம் காதுக்கு எட்டாத ஆழத்தில் தொடங்கி நெருக்க நெருக்கமாக அமைவதால் பேஸ் சமமாகப் பரவுகிறது. நம் படுக்கையறையில் அது மிருதங்கத் தொப்பியும் பேஸ் கிடாரும் நடமாடும் இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சுவரோரம் முழக்கம் மிகும், அறை நடுவில் வடியும். கட்டிலின் தலைமாட்டைச் சுவரோடு போட்டுச் சாய்ந்து கேட்பவர் முழக்கத்தின் உச்சியில் இருக்கிறார். நடுவில் நாற்காலி போட்டவருக்குப் பேஸே இல்லை. ஒரே அறை, ஒரே பாட்டு. இதைக் காசு கொடுத்துச் சரிசெய்ய முடியாது, இடம் மாற்றித்தான் சரிசெய்ய வேண்டும். அதற்கு ஒரு வழி உண்டு. சப்ஊஃபரை நீங்கள் உட்கார்ந்து கேட்கும் இடத்திலேயே, கட்டில் மேலேயே தூக்கி வையுங்கள். பேஸ் நடக்கிற ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். இப்போது நீங்கள் தரையோடு குனிந்து, பெட்டி வைக்கக்கூடிய இடங்களில் எல்லாம் காதைக் கொண்டுபோங்கள். மேசைக்கடியில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், ஜன்னல் கீழே. எங்கே எல்லா ஸ்வரமும் ஒரே அளவில் கேட்கிறதோ அங்கே பெட்டியை இறக்குங்கள். ஒரு அடி நகர்த்தினால் என்ன வித்தியாசம் வரும் என்று நினைக்காதீர்கள். வரும்.

அடுத்த எதிரி ஸ்டீல் பீரோ. அது இல்லாத படுக்கையறை சென்னையில் அபூர்வம். கைபேசியில் ஒரே சுருதியை ஒலிக்கும் செயலியை இறக்கி, 30 ஹெர்ட்ஸிலிருந்து 100 வரை மெதுவாக ஏற்றிப் பாருங்கள். 44இல் ஜன்னல் கண்ணாடி நடுங்கும், 60இல் பீரோக் கதவு "கர்ர்" என்னும், 70இல் பரண் மேல் அடுக்கிய பித்தளைப் பாத்திரம் பேசும். எண்கள் வீட்டுக்கு வீடு மாறும், ஆனால் இந்த மூன்றும் எங்கும் இருக்கும். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் சின்னத் துணி மடிப்பு, ஜன்னல் கொக்கிக்கு ஒரு ரப்பர் வாஷர், பாத்திரங்களுக்கு நடுவில் செய்தித்தாள். சப்ஊஃபர் மோசம் என்று நினைத்தவர்கள், இவ்வளவு செய்தபின் குற்றம் பீரோவில்தான் என்று கண்டுகொள்வார்கள்.

ஒயரைப் பற்றி. ஆம்ப்ளிஃபையரில் சப்ஊஃபருக்கென்று தனி முனை (சப் அவுட்) இருந்தால் ஒரே ஒரு ஆர்.சி.ஏ. ஒயர் போதும். இல்லையென்றால் ஸ்பீக்கர் ஒயரை சப்ஊஃபருக்குள் கொண்டுபோகும் முனைகள் சில மாடல்களில் இருக்கும். இங்கே எச்சரிக்கை ஒன்று: இன்றைய சின்ன டிஜிட்டல் ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில் இடது வலது கறுப்பு முனைகளை ஒன்றாகச் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் ஆம்ப்ளிஃபையர் போய்விடும். இரண்டு கருவிகளின் கையேட்டையும் பார்த்த பிறகு மாட்டுங்கள். மாட்டியதும் "ம்ம்" என்று ஒரு ஹம் வந்தால் பயப்பட வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இத்தனை நாள் சின்ன ஸ்பீக்கரில் கேட்காத அந்த 50ஐயும் 100ஐயும் சப்ஊஃபர் உள்ளபடி சொல்லிவிடுகிறது. எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகிப் பாருங்கள். போகவில்லையென்றால் செட்டாப் பாக்ஸிலிருந்து கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள், பல வீடுகளில் அந்த வழியாகத்தான் நுழைகிறது. மூன்றாவது பின்னை உடைத்துவிட்டால் ஹம் நிற்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது எர்த், உங்கள் உயிருக்கானது.

திருகுகளுக்கு வருகிறேன். கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஸ்பீக்கர் நாலு அங்குலமோ அதற்கும் சிறியதோ என்றால் 90, 100 வரை போகலாம். அதற்கு மேல் போனால் ஆண் குரல் மேசையை விட்டு மூலையிலிருந்து வரத் தொடங்கும். 80க்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குச் சரியாகத் தெரியாது, அதனால்தான் ஒரே பெட்டி போதுமாக இருக்கிறது. ஃபேஸ் ஸ்விட்சை இப்படியும் அப்படியும் தட்டிப் பாருங்கள், பேஸ் நிறைவாக இருக்கும் பக்கமே சரி. கடைசியாகச் சத்தம். பூஜ்யத்தில் தொடங்கி, "ஆ, இப்போது கேட்கிறது" என்ற இடம் வரை போய், அங்கிருந்து சற்றுப் பின்னால் வாருங்கள். பாட்டு ஓடும்போது சப்ஊஃபரை அணைத்தால் ஏதோ குறைந்தது என்று தோன்ற வேண்டும். போட்டால் ஏதோ கூடியது என்று தோன்றக் கூடாது.

ஒலிக்கருவி பழுதுபார்ப்பவன் என்ற முறையில் கடற்கரைக்காரர்களான உங்களுக்குச் சிறப்பாக ஒன்று. பட்டினப்பாக்கம், சாந்தோம், பெசன்ட் நகர் வீடுகளிலிருந்து வரும் ஊஃபர்களை என் மேசையில் பார்த்ததுமே தெரிந்துவிடும். முனைகளில் பச்சைக் களிம்பு, திருகுகளில் துரு. கோனின் விளிம்பில் ஃபோம் வளையம் வைத்த ஊஃபர்கள் இந்த ஈரத்தில் சில வருடங்களில் மக்கிவிடுகின்றன. விரல் பட்டால் கறுப்பு மாவாக உதிரும். ரப்பர் வளையம் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். பழையது வாங்குவதாக இருந்தால் முன்துணியைக் கழற்றி, கோனை நாலு விரலால் சமமாக மெல்ல உள்ளே அழுத்துங்கள். உரசும் ஓசை வந்தால் காயில் போய்விட்டது, வேண்டாம். பெட்டியைத் தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி வையுங்கள், ஈரத் துடைப்பம் படும் தரையில் மரத்தூள் பலகை ஊறி உப்பிவிடும்.

பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறார், அவரை விட்டுவிட்டுப் பேச முடியாது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. ஆனால் அந்த அளவீடு காதின் போக்கைப் பின்பற்றி பேஸைக் குறைத்தே கணக்கிடுகிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலியில் 30 டெசிபலைக் கழித்துவிடும். மீட்டர் சரி என்று சொன்னாலும் கீழ்வீட்டில் கட்டில் அதிரலாம். சுவருக்கும் இதே பலவீனம். சுருதி ஒவ்வொரு ஸ்தாயி இறங்கும்போதும் சுவர் தடுக்கும் அளவு ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. நாலரை அங்குலச் செங்கல் சுவர் உங்கள் பேச்சை மறைக்கும், தொப்பியை மறைக்காது. கடற்காற்றுக்காக ஜன்னலைத் திறந்து வைக்கும் மாலைகளில் தெருவுக்கும் போகும்.

அதனால் பெட்டியைப் பொதுச் சுவரை விட்டு விலக்கி வையுங்கள். அடியில் தடித்த ரப்பர் கட்டைகளைக் கொடுங்கள், தரை வழியாக இறங்கும் அதிர்வாவது குறையும். எல்லாம் முடிந்த பிறகு, நீங்கள் வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் பாட்டை ஓடவிட்டு, கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, "மாமி, ஒரு நிமிஷம் உங்க ரூம்ல நின்னு கேட்டுக்கட்டுமா?" என்று கேளுங்கள். அங்கே மெட்டு தெரியும் அளவுக்குப் பேஸ் கேட்டால், மாடிக்கு வந்து திருகை இன்னும் கொஞ்சம் குறையுங்கள். காது இரண்டொரு நாளில் அந்த அளவுக்குப் பழகிவிடும், தொப்பி அப்போதும் கேட்கும்.